பிறக்காத பதினைந்து பேர்

ஒன்றாம் எண் குடும்பத்தின் மூன்று வரிகளையும் நீக்கிவிட்டு ஆவுடையப்பன் என்டரைத் தட்டினான். திரையின் கறுப்புக் கட்டத்தில் ஒரு பூஜ்யம் வந்து உட்கார்ந்தது. மணி மூன்று. இனி அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. கணினி பத்தாயிரம் தடவை குலுக்கிப் போட்டுப் பார்க்கும், ஆயிரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை மாற்றும், ஐந்து மணிவாக்கில் நிற்கும். நிற்கும்போது ஐம்பதோ அதற்குக் கீழோ இருந்தால் ஏழு வருஷ வேலை நிலைத்து நிற்கிறது. ஐம்பத்தொன்று என்றால் இல்லை. அந்த ஐம்பதை வைத்தவன் அவனேதான். ஒரு குடும்பத்தின் ரத்தம்கூடக் குழாயில் விழாத காலத்தில், ஆய்வுத் திட்டத்தில் எழுதி, ஆய்வுத் தலைவர் டாக்டர் மனோன்மணியிடம் கையெழுத்து வாங்கியது. பிறகு மனம் மாறக்கூடாது என்பதற்காகத்தான் முன்னாலேயே எழுதி வைப்பது. போன மாதம் முந்நூற்று எண்பத்தாறு குடும்பங்களையும் வைத்து ஓட்டியபோது முப்பத்தொன்று வந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். இன்று காலையில் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், எல்லாக் குடும்பங்களும் ஊர்ப்புற முகாம்களில் சேர்க்கப்பட்டவை என்று தட்டச்சு செய்துகொண்டிருந்த கை முற்றுப்புள்ளிக்கு முன்னால் நின்றுவிட்டது. எல்லாக் குடும்பங்களும் இல்லை. ஒன்றாம் எண் எந்த முகாமிலும் சேர்ந்தது அல்ல. அது அவன் வீடு. குழாய், லேபிள், குளிர்பெட்டி, பதிவேடு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் யாருடைய ரத்தமாவது வேண்டியிருந்தது. எந்த ஆய்வகத்திலும் முதல் ரத்தம் அங்கே வேலை பார்க்கிறவனுடையதுதான். இது பிளவு உதட்டைப் பற்றிய ஆய்வு. அப்பா, அம்மா, அப்படிப் பிறந்த பிள்ளை என்று மூன்று பேர் வேண்டும். மூன்று பேரும் கைவசம் இருந்தார்கள். சோதனை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும். இரண்டாம் எண் வந்தது, மூன்றாம் எண் வந்தது, நூறு வந்தது, ஒன்று அங்கேயே இருந்துவிட்டது. சென்னைக்கு போன் போட்டுச் சொன்னான். டாக்டர் மனோன்மணி, எடுத்துவிட்டு ஓட்டுங்கள், ஐம்பதுக்குள் இருந்தால் இன்றைக்கே கட்டுரையை அனுப்புவோம், இல்லையென்றால் இல்லை என்றார். அவ்வளவுதான். அவர் அப்படிப்பட்டவர் என்பதால்தான் அவன் ஏழு வருஷமாக அவரிடம் இருக்கிறான்.

வேலை நிலைத்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது ஒரு புள்ளியியல்காரன் சொல்லக்கூடாத வார்த்தை, இருந்தாலும் தெரியும். ஒரு வீட்டைச் சார்ந்து நிற்கிற கட்டடத்தை அவன் கட்டவில்லை. இந்த முறையில் அவனுக்குப் பிடித்ததே, வெளியிலிருந்து யாரையும் கூட்டிவந்து ஒப்பிட வேண்டியதில்லை என்பதுதான். குறையுள்ள பிள்ளைகளை ஒரு பக்கமும் குறையில்லாத பிள்ளைகளை மறுபக்கமும் நிறுத்தினால் சாதி, ஊர், சாப்பாடு, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் என்று ஆயிரம் வித்தியாசம் நடுவில் புகுந்து குழப்பும். இதில் ஒப்பீடு அந்தந்த வீட்டுக்குள்ளேயே. அப்பாவிடம் ஒரு மரபணு இரண்டு பிரதியாக இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்றைத்தான் கொடுக்கிறார். அம்மாவும் அப்படியே. ஒரு மரபணுவுக்கு நாலு விதம்; இரண்டு மரபணுவைச் சேர்த்துப் பார்த்தால் பதினாறு விதம். பதினாறில் ஒன்று பிறந்துவிட்டது. மற்ற பதினைந்தும் அதே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்திருக்கக்கூடிய, பிறக்காத பிள்ளைகள். அவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த இரண்டு மரபணுவுக்கும் உதட்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் பதினாறு பேரில் யார் வேண்டுமானாலும் அந்த வீட்டில் பிறந்திருக்கலாம். அதனால் கணினி ஒவ்வொரு வீடாகப் போய், பதினாறு பேரில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, நீதான் பிறந்தாய் என்கிறது. எல்லா வீட்டுக்கும் போய்வந்தால் ஒரு தடவை. அவன் சந்தேகப்படுவது ஒவ்வொரு மரபணுவிலும் வருகிற ஒரு மாற்றத்தை; இரண்டு மாற்றங்களும் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகள், நிஜத்தில் பிறந்தவர்களில் இருக்கும் அளவுக்கோ அதற்கு மேலோ, அந்தத் தடவையில் தற்செயலாகவே வந்துவிட்டால் திரையில் ஒன்று கூடும். தற்செயல் பத்தாயிரத்தில் எத்தனை முறை இந்த வேலையைச் செய்ய முடிகிறது என்பதுதான் கேள்வி. திரையில் பூஜ்யம் போய் இரண்டு வந்தது. முதல் ஆயிரம் முடிந்திருந்தது. இரண்டு நல்ல எண்.

ஒன்றாம் எண் வீட்டின் பதினைந்து பேரையும் அவனுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு ஒரே பிள்ளையாக வளர்ந்தவன், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பக்கத்தில் ஆளில்லாதவன், முதல்முறையாக அந்தப் பட்டியலை அச்செடுத்துப் பார்த்தபோது சிரித்துவிட்டான். நாலு பேருக்கு அப்பாவின் மாற்றமும் இல்லை, அம்மாவின் மாற்றமும் இல்லை. நாலு பேருக்கு அப்பாவுடையது மட்டும். நாலு பேருக்கு அம்மாவுடையது மட்டும். மூன்று பேருக்கு இரண்டும். நாலாவதாக அவன். சுரண்டை வீட்டின் நீள முற்றத்தில் பதினாறு இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தால், அந்தக் கடைசி நாலில் ஒருவனாக அவன் உட்கார்ந்திருப்பான். மற்ற பன்னிரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்களா, பார்க்கமாட்டார்கள், கூடப்பிறந்தவர்கள் பழகிப்போயிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில்தான் தையல் என்று பேர். ஏ தையல், பந்தை எறி. மீசை அடர்த்தியாக வந்த பிறகு அந்தப் பேர் போய்விட்டது, கோடு மீசைக்கு அடியில் போய்விட்டது, ஆறு மாதக் குழந்தையாக மிஷன் ஆஸ்பத்திரியில் போட்ட தையல். பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளில் பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு நாலு என்று உண்மையைச் சொன்னான். நாலாவது வீட்டுக்கு அவன் போகவில்லை. அதில் வருத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, எண் சரியான எண், சொன்னதும் சரியாகத்தான் சொன்னான். அவனுக்குப் பிறகு யாரும் வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்தது வேறு விஷயம். அதற்குக் காரணம் எண் இல்லை, சுரைக்காய்.

எண்பதாம் வருஷம், மாசி பிறந்து நாலாம் நாள், சனிக்கிழமை, மத்தியானம், சூரிய கிரகணம். அவனுக்கு அந்த நாளைப் பார்த்தது போலத் தெரியும், அத்தனை தடவை கேட்டிருக்கிறான். வீட்டில் எல்லோரும் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருக்க அம்மா பின்கட்டில் கத்தியோடு உட்கார்ந்து சுரைக்காய் நறுக்குகிறாள். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. போன தடவை சொல்லி, கலைந்து, கேலியாகிப்போயிற்று. இந்தத் தடவை உறுதியான பிறகு சொல்வோம் என்று இருக்கிறாள். சொல்லியிருந்தால் இருட்டறையில் படுக்க வைத்திருப்பார்கள். வெயில் மங்குகிறது. கோழிகள் கூட்டுக்குள் போகின்றன. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், குனிகிறாள். நாலு துண்டுதான் பாக்கி இருந்துச்சு, பாதியில விடுவானேன்னு நறுக்கிட்டேன். அம்மாவின் வாக்கியம் இதுதான். நாற்பத்தைந்து வருஷமாக ஒரு சொல் கூடியதில்லை, குறைந்ததில்லை. அந்த நாலு துண்டை விட்டிருந்தால். அவன் உதட்டில் அந்த நாலு துண்டின் கத்தி இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சுரைக்காய் கிடையாது. யாரும் தடை போடவில்லை, அது வருவது நின்றது. சுரண்டை பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த அப்பா நாற்பது வருஷம் சாயங்காலம் காய் வாங்கி வந்தார். புடலை, பீர்க்கு, பூசணி எல்லாம் பையில் வந்தன, சுரை மட்டும் வரவில்லை. அது மன்னிப்பா குற்றச்சாட்டா என்று ஆவுடையப்பனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அத்தைமார்கள் நேராகவே சொல்வார்கள், அவள் வெட்டியது என்று. அப்பா ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

கதவு இடித்துக்கொண்டு திறந்தது. பெர்பெத்தம்மாள் தோளில் குளிர்பெட்டியும் கையில் ஒரு சுரைக்காயுமாக வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவள், ஆய்வில் ரத்தம் எடுப்பதும் குடும்பக் கதை கேட்பதும் அவள் வேலை. முகாமுக்குப் போனால் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். முருங்கைக்காய், கருப்பட்டி, ஒருமுறை உயிரோடு ஒரு சேவல், அது பஸ்ஸில் கண்டக்டரைக் கொத்திவிட்டது. இன்றைக்குத் திசையன்விளைப் பக்கம், கொடியிலிருந்து அப்போதே அறுத்துக் கொடுத்தார்களாம். திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இன்னும் வலிதான் எடுக்குதா? தலை தெரியலையா?"

"அஞ்சு மணி ஆகும்க்கா."

"தலைச்சன் பிரசவம்லா, லேட்டாத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி அறுக்கிற கத்தியைக் கழுவித் துடைத்துச் சுரைக்காயை மேசைமேல் வைத்து இரண்டாக வகிர்ந்தாள். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது. ஈரமான, லேசான சத்தம். பாதியைத் தினத்தாளில் சுற்றிக் கதவோரத்து அலமாரியில் வைத்தாள். அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான், எங்கள் வீட்டில் சுரைக்காய் சேராது என்று. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கொண்டுவந்ததில் பாதி ஆபீசுக்கு, வேண்டாமென்றால் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள் என்று அவளும் வழக்கம்போல் சொன்னாள். ஏழு வருஷமாக அந்த வாட்ச்மேன் வீட்டில்தான் சுரைக்காய்க் கூட்டு. ரத்தக் குழாய்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டே, அடுத்த சுற்றுக்கான முதல் குடும்பத்தைப் பற்றிப் பேசினாள். பிள்ளைக்கு நாலு மாதமாம். தாய்க்காரிக்கு இருபத்திரண்டு வயசு. ஊசி குத்துவதற்கு முன்னால் அந்தப் பெண், தான் ஆறாம் மாதத்தில் பூட்டுக்குள் சாவியை விட்டுத் திருகினதுதான் காரணம் என்று சொன்னாளாம். ஒவ்வொருத்தியும் ஒன்று வைத்திருக்கிறாள். ஒருத்தி ஊசியில் நூல் கோத்தாள், ஒருத்தி முயலைப் பார்த்தாள், ஒருத்தி மாமியாரை எதிர்த்துப் பேசினாள். அதைக் குறித்துக்கொள்ள படிவத்தில் ஒரு கட்டம் போட்டால் என்ன என்று ஆவுடையப்பன் முதல் வருஷத்தில் கேட்டிருக்கிறான். பெர்பெத்தம்மாள் அப்போது சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "போடலாம் தம்பி. அம்மைக்கு ஒரு பக்கம் பத்தாது. அப்பன் கட்டம் காலியாக் கிடக்கும். ஒருத்தனும் ஒரு காரணம் சொன்னதில்ல இதுவரைக்கும்." குழாய்களை உறைபெட்டியில் அடுக்குவதற்காக அவள் அடுத்த அறைக்குப் போனாள். திரையில் எண் மாறியிருந்தது. பதினேழு.

பதினேழு. மூன்றாயிரத்துக்குப் பதினேழு. இரண்டு எப்போது ஒன்பதானது, அவன் பார்க்கவில்லை; ஓரத்துக் குறிப்பில் மட்டும் இருந்தது. இதே வேகத்தில் போனால் ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. மனம் அந்தப் பெருக்கலைக் கேட்காமலே போட்டுவிட்டது. மூன்றாயிரத்தை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறவன் அவன். சொல்லக்கூடாதுதான். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். நிறுத்தி, குலுக்கலைத் தொடங்கிவைக்கும் வேறு விதையெண் கொடுத்து முதலிலிருந்து ஓட்டலாம், யாருக்கும் தெரியாது, அதைச் செய்யமாட்டான், செய்யமாட்டான் என்பதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டியதில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. யாரிடமும் சொல்லாத ஒரு கணக்கு அவனிடம் உண்டு. மேலுதடு இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்துவந்து நடுவில் சேர்வது கரு உருவாகி ஆறாவது ஏழாவது வாரத்தில். இதை முதன்முதலாகப் படித்த அன்று பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனான். மாசி நாலாம் தேதி அந்த வாரத்துக்குள் விழுந்தது. முன்னால் இல்லை, பின்னால் இல்லை, உள்ளே. டிக்கெட்டைச் சுருட்டி எறிந்தான். ஆனால் எறிந்ததோடு விடவும் இல்லை, அவன் விடுகிறவன் இல்லை. அந்த வருஷம் புரட்டாசி ஐப்பசியில் பிறந்த பிள்ளைகளில் இப்படிப் பிறந்தவர்கள் எத்தனை என்று மூன்று பழைய ஆஸ்பத்திரிகளின் பிரசவப் பதிவேடுகளைத் தூசியில் உட்கார்ந்து இரண்டு நாள் எண்ணினான். கிரகணத்தன்று அந்த வாரத்தில் இருந்த வயிறுகள் எத்தனையோ இருந்திருக்கும். அத்தனை பேரும் படுத்துக்கொண்டா இருந்திருப்பார்கள். எண் கூடவுமில்லை, குறையவுமில்லை. மற்ற வருஷங்களைப் போலத்தான் இருந்தது. அதோடு அந்தப் பயம் முடிந்தது. முடிந்துதான் விட்டது. இப்போது இந்தப் பதினேழு அதை எங்கிருந்தோ எழுப்பிக் கூட்டிவருகிறது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதிலேயே அவன் அம்மாவிடம் ஒப்பீட்டுக் குழுவைக் கேட்டிருக்கிறான். அந்த வார்த்தை தெரியாது, ஆனால் அதைத்தான் கேட்டான். அன்றைக்கு வேறு யாருமே காய் நறுக்கவில்லையா அம்மா. எதிர்வீட்டுல வாழைக்கா நறுக்குனாங்க என்றாள். அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு வயித்துல இல்லையே. மேலத்தெரு முப்பிடாதிக்கு வயிற்றில் இருந்ததே, அவள் மகனுக்கு உதடு நன்றாகத்தானே இருக்கிறது. அவ நறுக்குனது கிரகணம் விட்ட பெறவு. அப்போது தோற்றுப்போனவனாக எழுந்து போனான். பின்னால் படிப்பெல்லாம் முடித்து, இந்த ஆய்வுக்கான முறையை எழுதி, இதே நாற்காலியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. அம்மா சொன்னதும் இதையேதான். கத்தி தனியாக ஒன்றும் செய்வதில்லை. கிரகணம் தனியாக ஒன்றும் செய்வதில்லை. வயிறு தனியாக இருந்தால் பத்து மாதத்தில் நல்லபடியாகப் பிள்ளை வரும். மூன்றும் ஒரு இடத்தில் சேர்ந்தால்தான். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாதவை, சேரும்போது மட்டும் ஒன்றைச் செய்கின்றன என்று நிரூபிக்க உலகம் முழுவதும் ஆட்கள் முட்டி மோதிக்கொண்டிருக்க, ஐந்தாம் வகுப்பு படித்த அவள் சுரண்டையில் ஒரு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவனுடையது இரண்டின் சேர்க்கைதான், அவளுடையது மூன்று. அவளிடம் இல்லாமல் போனது எண்ணிக்கை மட்டும். ஒரே ஒரு வீட்டை வைத்துச் சொல்லிவிட்டாள். அவனும் போன மாதம்வரை அந்த ஒரே வீட்டைத் தன் முந்நூற்று எண்பத்தைந்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, அறியாமல்தான் என்றாலும், சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தான். தாயும் மகனும் ஒரே தப்பு. திரையில் இருபத்திநாலு. பாதி தூரம். இருபத்திநாலு பரவாயில்லை. கையைத் தொடைக்கடியிலிருந்து எடுத்தான்.

அப்பா ரத்தம் கொடுத்தது இந்த அறையில்தான். வெள்ளைச் சட்டையின் கையை மடித்து, கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் முள் தெரிகிற மாதிரி வைத்து, பஸ் புறப்படும் நேரத்தைக் குறிக்கிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெர்பெத்தம்மாள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டே கேட்டார், இதை வைத்து யாரால் வந்ததென்று தெரிந்துவிடுமா என்று. ஒரு வீட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதப்பா, முந்நூறு நானூறு வீடு வேண்டும், மொத்தமாகத்தான் சொல்லலாம் என்று ஆவுடையப்பன் சொன்னான். அப்பா யோசித்துவிட்டு, "அப்போ ஊருக்குத் தெரிஞ்சிரும். நமக்குத் தெரியாது" என்றார். அது கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வாரமே முடிவுகள் வந்தபோது அவன் முதலில் திறந்தது பொருத்தம் பார்க்கிற கோப்பை. பிள்ளையின் மரபணு அப்பாவுடையதோடும் அம்மாவுடையதோடும் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் பார்த்தாக வேண்டும்; ஏழு வருஷத்தில் பதினோரு குடும்பங்கள் பொருந்தவில்லை, சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள், எந்தக் குடும்பம் என்று பெர்பெத்தம்மாள் ஒருநாளும் கேட்டதில்லை. கோப்பைத் திறப்பதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தான். அப்பா கையை மடித்து உட்கார்ந்திருந்த நாற்காலி எதிரில் காலியாக இருந்தது. பொருந்துகிறது என்று இருந்தது. அதைப் படித்த பிறகு வந்தது நிம்மதி இல்லை, கூச்சம். அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது. பொருந்துகிறது என்று அவரிடம் சொல்லும்படியான விஷயமும் இல்லை அது.

ஊருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இதைத் திரும்பத் திரும்ப நினைத்து நினைத்து அதில் ஒரு ஓட்டை இருப்பதை அவன் கண்டுபிடித்திருந்தான், இன்று காலையில்தான், குளித்துக்கொண்டிருக்கிறபோது இல்லை, அந்த முற்றுப்புள்ளிக்கு முன்னால் கை நின்றபோது. ஒன்றாம் எண் உள்ளே இருக்கிறவரை அது தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்கிறது. தன் வழக்கில் தானே சாட்சி. வெளியே எடுத்த பிறகு, மற்ற முந்நூற்று எண்பத்தைந்து வீடுகளும் அந்தக் குடும்பத்தைப் பார்க்காமலே, அதன் பேர் தெரியாமலே, இந்த இரண்டும் சேர்ந்தால் இப்படி நடக்கிறது என்று சொன்னால் அப்போது திரும்பி வந்து முதல் வரியைப் படிக்கலாம். அப்பாவிடமிருந்து ஒன்று. அம்மாவிடமிருந்து ஒன்று. அப்பாவிடம் தனியாக இருந்தபோது அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, அம்மாவிடம் இருந்தது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் சொந்தத்தில் கட்டியவர்களும் இல்லை, அசல், உறவே இல்லாதவர்கள். சுரண்டை எங்கே, ராதாபுரம் எங்கே. இரண்டு ஊரிலிருந்து நடந்து வந்து இவனிடத்தில் சந்தித்துக்கொண்டன. ஆனால் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது. சேர்ந்தால் மூன்று மடங்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆயிரத்தில் ஒன்று மூன்றாகிறது. இரண்டும் சேர்ந்தும் ஒழுங்கான உதட்டோடு பிறந்தவர்கள் ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேர். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இதனால் இருக்கக்கூடும், கத்தியால் இல்லை. கத்தியால் இல்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்லலாம். அதற்கு இந்தக் கணினியே வேண்டாம், பழைய பதிவேட்டுத் தூசி போதும், அதைப் பத்து தடவை சொல்லியாயிற்று, சரிய்யா சரிய்யா என்று கேட்டுக்கொண்டு அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருப்பாள். இல்லை என்பது அவளுக்குப் போதவில்லை. ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். நாற்பத்தைந்து வருஷமாக ஒருவரே தூக்கிக்கொண்டிருக்கிற பாரத்தில் சரிபாதியை இறக்கி வைக்க ஓரிடம். அதற்குத்தான் இந்த ஐம்பது. டாக்டர் மனோன்மணிக்குக் கட்டுரை. அவனுக்கு இது.

முப்பத்தொன்பது. எட்டாயிரம். கீழே சாலையில் பள்ளிக்கூடம் விட்டு ஆட்டோக்கள் போகும் சத்தம் ஓய்ந்திருந்தது. பாளையங்கோட்டையில் நாலரை மணிக்கு ஒரு அமைதி வரும், அது வந்திருந்தது. வெயில் அலமாரிவரை வந்து தினத்தாள் பொட்டலத்தின் மேல் கிடந்தது. தாளின் ஓரத்தில் ஈரம் ஊறியிருந்தது. நாற்பத்திநாலு. இன்னும் ஆயிரம். ஆயிரத்துக்குச் சராசரி ஐந்து, ஏழு வந்தால் ஐம்பத்தொன்று. ஆறு வரைக்கும் தாங்கும். இரண்டாவது ஆயிரத்தில் ஏழு வந்திருக்கிறது, ஏழாவது ஆயிரத்திலும் ஏழு வந்திருக்கிறது, ஆக வராத எண் இல்லை. அவன் மீசையைத் தடவிக்கொண்டான், விரல் தானாக அந்தக் கோட்டில் ஏறி இறங்கியது. முந்நூற்று எண்பத்தைந்து வீடுகளுக்கும் கணினி போய் வந்துகொண்டிருந்தது. முந்நூற்று எண்பத்தைந்து முற்றங்கள், ஒவ்வொன்றிலும் பதினாறு இலை. அவன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்த முற்றத்தில் பதினைந்து பேரும் யாரும் தொட வராததால் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பயமாக இல்லை. இது ஆச்சரியமாக இருந்தது. ஏழு வந்தாலும் முறை சரி. முறை சரியாக இருந்து விடை இல்லையென்றால் விடை இல்லை, அதையும் எழுதிக் கொடுக்க அவனுக்குத் தெரியும். எண் மாறியது. கீழே ஒரு வரி வந்து, கட்டம் அசையாமல் நின்றது.

நாற்பத்தாறு.

மூன்று தடவை படித்தான். டாக்டர் மனோன்மணிக்கு எண்ணை மட்டும் அனுப்பினான். உடனே பதில் வந்தது, அவரும் கையில் போனை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்: 'அனுப்புகிறேன். 385 என்று மாற்றுங்கள்.' மாற்றினான். எங்கெல்லாம் முந்நூற்று எண்பத்தாறு இருந்ததோ அங்கெல்லாம். பெர்பெத்தம்மாள் அடுத்த அறையில் கையுறையைக் கழற்றிக்கொண்டே, என்ன பிள்ளை தம்பி என்று கேட்டாள். சுகப்பிரசவம் என்றான். அவள் மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ஏழாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினாள். அவன் ஒன்றாம் எண் கோப்பைத் தனியாகத் திறந்தான். மூன்று வரி. முதல் வரியில் அப்பா, இரண்டாம் வரியில் அம்மா, மூன்றாம் வரியில் அவன். இப்போது படிக்கலாம். படித்தான். பிறகு, அம்மா இப்போது அவனோடு இருக்கும் பாளையங்கோட்டை வீட்டுக்கு போன் செய்தான். மணி அடித்து நிற்கப்போகும்போது அம்மா எடுத்தாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மனத்துக்குள் இரண்டு மணிநேரமாக அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் மூன்று மடங்கும் ஆயிரமும் இருந்தன, ‘இருக்கக்கூடும்’ என்பதும் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"அம்மா, அந்தக் கணக்கு முடிஞ்சிட்டு. கத்தியும் இல்ல, கிரகணமும் இல்ல. உங்கிட்ட இருந்து ஒண்ணு வந்திருக்கு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு வந்திருக்கு. தனித்தனியா அது ஒண்ணும் செய்யாது. ரெண்டும் சேர்ந்தாத்தான். அதனாலதான் இருக்கும்மா."

தண்ணீர் சத்தம் நின்றது. குழாயை மூடியிருக்கிறாள்.

"அவுககிட்ட இருந்துமா?"

"ஆமா."

"பாதிக்குப் பாதியா?"

"பாதிக்குப் பாதி."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள் போலிருந்தது, ஸ்டூல் இழுபடும் சத்தம். அவன் காத்திருந்தான். இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தான்.

"அவுகளுக்கு இது தெரியுமாய்யா?"

"இல்லம்மா. இன்னைக்குத்தானே தெரிஞ்சுது."

"நல்லவேளை" என்றாள். பிறகு, "ஊர்ல யார்ட்டயும் சொல்லிக்கிடாத. அத்தைமாருகிட்ட வாயே திறக்காத. கத்திதான்னே இருந்துட்டுப் போகட்டும். போய்ச் சேர்ந்தவுகளை எதுக்கு இதுல இழுக்கணும்?"

பாதியைக் கொண்டுபோய் வைக்க அவன் பார்த்து வைத்திருந்த இடத்தை அவள் ஒரு கையால் மூடிவிட்டாள். இதை எந்தக் கணித மாதிரியிலும் அவன் சேர்த்திருக்கவில்லை. ஆனால் அவள் குரலில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது, இத்தனை வருஷம் அந்த நாலு துண்டைச் சொல்லும்போதெல்லாம் அடியில் இழுத்துக்கொண்டிருந்த ஒன்று. இப்போது அவள் தூக்கிக்கொண்டிருப்பது தெரிந்து தூக்குவது. அவருக்காகத் தூக்குவது. அதற்கு எடை வேறு. இதை நிரூபிக்க அவனிடம் முறை எதுவும் இல்லை, இருந்தாலும் இதிலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

"சரிம்மா. சொல்லல."

"எப்ப வாரே? ராத்திரிக்குக் கூட்டு வைக்க வீட்டுல ஒரு காயும் இல்ல."

"ஆறு மணிக்குள்ள வந்துருவேன். நான் கொண்டாரேன்."

போனை வைத்தான். ஒன்றாம் எண் கோப்பை மூடினான். கணினியை அணைத்து, உறையைப் போட்டு, சன்னலைச் சாத்தினான். விளக்கை அணைப்பதற்கு முன்னால் அலமாரியிலிருந்த தினத்தாள் பொட்டலத்தை எடுத்து, டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்துக்கொண்டான். கீழே வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து, நாளைக்கு மழை வரும்போல என்றார். அவன் ஆமென்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.